தரையிலிருந்து நீட்டிய கை

மாமாவின் பிரஷர் மெஷின் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. மூடியைத் தூக்கினால் அதுவே நிமிர்ந்து நிற்கும். நடுவில் பாதரசம் ஏறுகிற கண்ணாடிக் குழாய், இருபுறமும் கறுப்பு எண்கள். கையில் சுற்றும் துணிப்பட்டை ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். நான் மருமகளாக வந்து பார்த்தபோது ஊர்ப்பட்ட மனிதர்களின் வியர்வை ஏறிக் கருத்துப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கூடத்து மேசையில் அந்தப் பெட்டியை வைத்துத் திறப்பார். சாமி மேடையில் விளக்கேற்றும்போதுகூட அவர் முகத்தில் அத்தனை பக்தியை நான் கண்டதில்லை.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர். தோட்டத்துக்கு டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், கத்தி வெட்டுக்குத் தையல் போடுவதும், பிரசவத்துக்கு ஓடுவதும் டிரசர்தான். மாமா நல்ல டிரசர் என்றே எல்லோரும் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. இரவு பகல் பாராமல் மழையில் சகதியில் நடந்து போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், ஆஸ்பத்திரியை மூடினார்கள். தோட்டத்தில் கடைசி மேனேஜராக இருந்த தொரை, கிளம்பும்போது அந்த மெஷினை மாமாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அதையும் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு குடும்பம் ஈப்போவுக்கு வந்து, சிலிபினில் ஒரு பலகை வீட்டில் குடியேறியது. நான் அப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தையல் ஃபேக்டரியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அதையேதான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அக்கம்பக்கத்து ஆட்கள் பிரஷர் பார்க்க வருவார்கள். லாரி டிரைவர், கோவில் கமிட்டிக்காரர், முக்குக் கோப்பிக் கடைச் சீனக் கிழவர், இரண்டு மூன்று பெண்கள். ஒவ்வொருவராக மாமாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் கையை வைப்பார்கள். மாமா பட்டையைச் சுற்றி, குழாயைக் காதில் மாட்டி, பந்தை அமுக்குவார். முடித்ததும் உடனே சொல்ல மாட்டார். காதிலிருந்து குழாயைக் கழற்றி, கழுத்தில் போட்டு, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்து, வந்தவர் நாற்காலி நுனிக்கு வந்த பிறகுதான் எண்ணைச் சொல்வார். "நூறோட உன் வயசக் கூட்டிக்க. அதுக்குள்ள இருந்தா ஒண்ணும் பயப்பட வேணாம்." அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். எனக்கு அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மருமகள் கையைத் தொட்டுப் பட்டை கட்டுவது மரியாதையில்லையாம். மரியாதை எங்கள் வீட்டில் நிறையவே இருந்தது.

எல்லோரும் போன பிறகு கடைசியாக என் மாமியாரான அத்தையின் முறை வரும். மாமா நாற்காலியில் இருந்தபடியே சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்தா, வா" என்பார். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். எதிர் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அவள் அதைத் தாண்டி வந்து, மேசைக் காலோரமாகத் தரையில் உட்கார்ந்து, வலது கையை மேலே தூக்கி மேசைமேல் வைப்பாள். நாற்காலியில் இருந்து பார்த்தால் அந்தக் கையும், கொஞ்சம் நெற்றியும், குங்குமமும்தான் தெரியும். மாமா குனியவேண்டிய அவசியமே இல்லாமல் பட்டையைச் சுற்றுவார்.

எழுதும்போது மாமாவை "அவர்" என்கிறேன், அத்தையை "அவள்" என்கிறேன். அத்தைக்கு வந்த "அவள்" நெருக்கத்தில் வந்தது. மாமாவுக்கு வந்த "அவர்" பழக்கத்தில் வந்தது.

அத்தைக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டால், அதே நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, ரேடியோவைத் திருகிவிட்டு, வறுத்த கச்சான் கடலையை உடைத்து உடைத்து வாயில் போடுவாள். எனக்கும் தருவாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் யார் எந்தச் சேலையில் வந்தார்கள் என்று அவள் சொன்னால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவாள். "உக்காருங்க அத்தை, மாமா என்னா கடிச்சா தின்னப் போறாரு?" என்று ஒருமுறை கையைப் பிடித்து இழுத்தேன். "பழகிப் போச்சு புள்ள. அவரு நாக்காலியில இருக்கையில நானும் நாக்காலியில இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். இருவரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள்தான். இருவருடைய அப்பன் ஆத்தாளும் பால்மரம் வெட்டியவர்கள்தான். டிரசர் உத்தியோகம் வந்தபோது அவருக்குக் குவார்ட்டர்ஸும் நாற்காலியும் கிடைத்தன. அத்தைக்கு அந்த உத்தியோகத்தில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை, அவருக்குச் சமைத்துப் போடுவதைத் தவிர.

ஒரு வருஷம் அவளுக்குப் பிடரி வலி வந்தது. காலையில் எழுந்தால் பின்கழுத்தில் யாரோ கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். குனிந்து எழுந்தால் கண் இருட்டியது. எனக்கு லீவு கிடைத்த நாளில், மாமாவிடம் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அவளை பஸ்ஸில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே மலாய் நர்ஸ் அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். நாற்காலியைத் தட்டிக் காட்டி, "டுடோக், மாச்சிக்" என்று சொல்லி உட்கார வைத்தாள். பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, இன்னொருமுறை பார்த்துவிட்டு, டாக்டரிடம் ஓடினாள். ரத்தக் கொதிப்பு ஏகமாக இருக்கிறது, தினமும் மாத்திரை போட வேண்டும், நன்றாக இருக்கிறது என்று நினைத்து ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். அத்தை மாத்திரை போட்டாள். சில வாரத்தில் பிடரி வலி குறைந்தது. துணி துவைக்கும்போது முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள்.

மாமாவுக்கு விஷயம் தெரிந்தபோது வீடு இரண்டுபட்டது. டிரசர் வீட்டு அம்மா டிரசருக்குத் தெரியாமல் கிளினிக்குக்குப் போவதா? அவர் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. பெட்டியைத் திறந்தார், "இந்தா, வா" என்றார். அத்தை மேசைக் காலோரம் உட்கார்ந்து கையைத் தூக்கி வைத்தாள். எண் இறங்கியிருந்தது. "பாத்தியா? எறங்கிடுச்சு. இனிமே எதுக்கு மருந்து?" என்றார்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பின்னால் புரிந்தது. தோட்டத்தில் ஒருவனுக்குக் காய்ச்சலா இல்லையா என்பதை அவன் உடம்பு சொல்லாது, டிரசரின் கையிலிருக்கும் கண்ணாடிக் குச்சிதான் சொல்லும். ஏறியிருந்தால் மருந்தும் படுக்கையும். இறங்கிவிட்டால் மருந்து நின்றுவிடும். மறுநாள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் ஆளோடு ஆளாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். எண் இறங்கினால் வேலைக்கு. அதைத்தான் காலமெல்லாம் செய்தார் மாமா. காய்ச்சல் வந்துபோகிற விருந்தாளி, ரத்தக் கொதிப்பு வீட்டோடு தங்கிவிடுகிற ஆள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் சொல்வதைக் கேட்டிருப்பார்?

நான் சொன்னேன். "நல்லாயிருந்தாலும் நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு மாமா."

"ஃபேக்டரியில காலர் தைக்கிறவ எனக்கு மருந்து சொல்லிக் குடுக்குறியா?" என்றார் அவர், அமைதியாகவே. "கிளினிக்ல போயி உக்காந்தா பயத்துல ஏறும். வீட்டுல பாக்கிறதுதான் நெசம்."

அதில் பாதி உண்மை இருந்தது. சிலருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஏறும் என்று இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள். பாதி உண்மையோடு மல்லுக்கு நிற்பதுதான் கஷ்டம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் என் கணவராவது வாயைத் திறந்திருப்பார்.

பிறகு அதுவே வழக்கமானது. கிளினிக்கில் பார்த்தால் ஏறியிருக்கும், வீட்டில் பார்த்தால் இறங்கியிருக்கும். நர்ஸ் திட்டுவாள், மாத்திரை தருவாள். மாமா பார்ப்பார், நிறுத்துவார். உங்கள் வீட்டு மெஷின் கெட்டுப் போயிருக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்டதும் மாமா லாரி டிரைவரை அழைத்து உட்கார வைத்துப் பார்த்து, அன்றே கிளினிக்கில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. எங்கள் வாயைக் கட்டிப் போட்டது அதுதான். லாரி டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள் என்பது அந்தக் கூடத்தில் இருந்த ஒருவர் கண்ணிலும் படவில்லை. கண்ணில் படுவதற்கு அது புதிதாக இருந்தால்தானே?

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறி முடித்த நேரம், அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஓடிப்போய்த் தூக்கினால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. மாமா முதலில் ஓடியது பெட்டியை எடுக்கத்தான். அத்தை தரையில் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தரையில் கிடந்த இடது கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். என்ன கண்டார் என்று சொல்லவில்லை. பெட்டியை மூடிவிட்டு, "டாக்சியக் கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் அத்தை பல வாரம் கிடந்தாள். அந்த வார்டில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தாள், யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். மாத்திரையை ஏன் விட்டுவிட்டுப் போட்டீர்கள் என்று என்னைத்தான் கேட்டாள். வீட்டில் மெஷின் இருக்கிறது, அதில் சரியாக இருந்தது என்றேன். அவள் நம்பவில்லை. "வீட்டில அவா எப்பிடி இருந்துகொண்டு பிரஷர் பாக்கிறவா?" என்றாள். நான் வார்டின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கையைத் தூக்கி அத்தையின் கட்டில்மேல் வைத்துக் காட்டினேன்.

அவள் குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எழும்புங்கோ" என்றாள். "கை நெஞ்சுக்கு நேர இருக்க வேணும். அதுக்கு மேல தூக்கி வைச்சா குறைச்சுத்தான் காட்டும். நல்லாவே குறைச்சுக் காட்டும். இனிமேல் தரையில வேண்டாம், கதிரையில இருத்திப் பாருங்கோ. என்ன எண் வந்தாலும் மாத்திரையை நிப்பாட்டாதேங்கோ, பாரிசவாதம் திரும்ப வந்தா உயிருக்கு ஆபத்து." அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம். எங்கள் அத்தை புருஷனுக்குக் கொடுத்த மரியாதையின் உயரம்தான் மெஷினில் குறைந்து குறைந்து தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே கணவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட எப்படிலா சொல்றது?" என்றார். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததும் நானே சொன்னேன். கூடத்தில், மாமாவின் முகத்துக்கு நேராக, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்துப் படிச்சு வந்த புள்ள. தொரைக்கே நான்தான் பாத்தேன்" என்றார்.

அத்தையைக் கூட்டி வந்தபோது அவளால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. கணவர் எங்கிருந்தோ ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி வந்தார். அதில் தலையணை வைத்து அவளைக் கூடத்தில் உட்கார வைத்தோம். மாமா உள்ளே வரும்போதெல்லாம் அவளுடைய இடது கை நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டு தவிக்கும். எழுந்திருக்கப் பார்ப்பாள். பாதி உடம்பு செத்துப் போன பிறகும் மீதிப் பாதிக்கு அந்த வெட்கம் இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியாமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா பெட்டியைத் திறந்தார். அன்றைக்கு வெளியாட்கள் யாரும் இல்லை. பிரம்பு நாற்காலியை மேசைக்கு இழுத்து, அத்தையின் நல்ல கையை எடுத்து மேசைமேல் வைத்தவள் நான்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். மாமா அமுக்கினார், காற்றை விட்டார், கேட்டார். மறுபடியும் அமுக்கினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். குழாயில் பாதரசம் எந்த உயரத்தில் துடிக்க ஆரம்பித்தது என்று எனக்கே தெரிந்தது. நூறோடு எந்த வயதைக் கூட்டினாலும் அந்த இடம் வராது.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். கோபமில்லை, பயம். அவருக்குப் புரிந்துவிட்டது. இதை நான் எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்து சொல்வேன். அந்த ஒரு நொடியில், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை முறை "எறங்கிடுச்சு" என்று சொல்லி நிறுத்தினார் என்பதெல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்போது அவர் மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதிருந்தால், நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். அவரை மன்னித்தும் இருப்பேன்.

அவர், பக்கத்தில் நின்ற தன் மகனைப் பார்த்து, "அவளக் கீழ உக்கார வை" என்றார்.

"அப்பா, டாக்டர் வந்து..."

"நாக்காலியில பயப்படுறா. பழகுன எடத்துல இருந்தாத்தான் அவளுக்கு மனசு அடங்கும். எறக்கு."

"வேணாங்க" என்றேன். கணவர் என் பக்கம் திரும்பவில்லை. அத்தையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, மேசைக் காலோடு சாய்த்துத் தரையில் உட்கார வைத்தார். சரியாமல் இருக்க அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டார். மாமா மேலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்து மேசைமேல் வைத்தார். பட்டையைச் சுற்றினார். பழைய எண் வரவில்லை என்றாலும் அதன் பக்கத்தில் வந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். கீழே அத்தையின் கோணாத பாதி முகம் சிரித்தது. தன் இடத்துக்கு வந்துவிட்ட சிரிப்பு.

அன்று மாலை, எப்போதும்போல, மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன். அத்தை பிரம்பு நாற்காலிக்கு ஏற மறுத்துப் பாயிலேயே சாய்ந்திருந்தாள். மாமா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாத்திரையை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி அவர் முகத்தைப் பார்த்தாள். "குடி" என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் போதும். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

"குடிங்க அத்தை, எனக்காகக் குடிங்க" என்றேன். இலையில் சோறு போதும் என்று தடுப்பதுபோல, நல்ல கையால் என் மணிக்கட்டை மெதுவாகத் தள்ளினாள். மறுநாளும் அப்படித்தான். கஞ்சியில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தேன். கசப்பு தெரிந்ததும் துப்பினாள். அவர் இருக்கும்போது மட்டுமில்லை, அவர் இல்லாதபோதும் குடிக்கவில்லை. தீபாவளிக்கு முன்னமே அந்த வாதம் இன்னொருமுறை வந்தது. அதில் போய்விட்டாள்.

மாமா அதற்குப் பிறகு ரொம்ப காலம் இருந்தார். அவர் செத்தபோது சிலிபினே திரண்டு வந்தது. எத்தனை உயிரைக் காப்பாற்றிய கை என்று கோவில் கமிட்டிக்காரர் சொல்லச் சொல்ல, வந்தவர்களெல்லாம் தலையாட்டினார்கள். நான் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் இன்றுவரை அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது எனக்கும் ரத்தக் கொதிப்பு. மகன் வாங்கித் தந்த மெஷினில் பாதரசமும் இல்லை, பந்தும் இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே இறுக்கி, அதுவே எண்ணைக் காட்டுகிறது. காலையில் கூடத்து நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருகிறேன். கைக்கு அடியில் தலையணை வைத்து நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவருகிறேன். எண் குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்கிறேன். என் கணவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். மாத்திரை தொண்டையில் இறங்குகிற வரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.